86 சென்ரிமீற்றரும் கொத்மலைப் பிள்ளைகளும்

சுங்கத் தீர்வை அட்டவணை பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைக் கேட்கிறது. உலக சுங்க அமைப்பின் பண்ட வகைப்படுத்தல் முறை 1988இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 61ஆம் அத்தியாயம் பின்னல் ஆடைகளுக்கு, 62ஆம் அத்தியாயம் நெய்த துணி ஆடைகளுக்கு. இரண்டிலும் 86 சென்ரிமீற்றருக்கு மேற்படாத பிள்ளைகளின் உடுப்புக்குத் தனித் தலைப்பு உண்டு: 6111, 6209. அந்த உயரத்தைத் தாண்டிய உடுப்பு பெரும்பாலும் ‘ஆண்கள் அல்லது சிறுவர்’, ‘பெண்கள் அல்லது சிறுமியர்’ என்ற பெருங்கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இலங்கைச் சுங்கமும் இந்த முறையில்தான் பொதிகளைப் பிரிக்கிறது.

உயரத்தைப் பிடித்துக்கொண்டது புத்திசாலித்தனம். வயது என்று வைத்திருந்தால், லேபிளில் ஆளுக்கொரு வயதை அச்சிட்டுத் தப்பித்திருப்பார்கள். ஒரு கம்பனியின் இரண்டு வயது இன்னொரு கம்பனிக்கு மூன்று. ஐரோப்பிய உடுப்புகளில் உயரமே அளவெண்ணாக இருப்பதால் 86, 92 என்று பார்த்த மாத்திரத்தில் கோடு தெரிந்துவிடும். கைக்குழந்தை உடுப்பில் ஆண், பெண் என்ற பேச்சும் இல்லை. வளர்ந்தவர்களின் தலைப்புகளுக்குப் போனால் முன்பக்கத் திறப்பில் இடம் வலத்தின் மேல் வருகிறதா, வலம் இடத்தின் மேல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் பெண்கள் பகுதிக்குத் தள்ள வேண்டும்.

சின்னச் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. பேபி செட்டில் வரும் காலுறையும் கையுறையும் 6111இல் அடங்கும். பின்னல் தொப்பி தனியாக வந்தால் 6505க்குப் போய்விடும். குளிர்ப் பிரதேசத்துக்கு முக்கியமான கம்பளிக்குத் தனி உபதலைப்பே கிடையாது. ‘ஏனைய’ என்பதில் ஒதுங்க வேண்டியதுதான். இவை தரகர்களின் தலைவலி, விட்டுவிடலாம்.

என் குறை வேறு. கொத்மலையில் பூண்டுலோயா, இறம்பொடைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்பனியோடு பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பகல் பராமரிப்பு நிலையத்தில்) விடப்படும் பிள்ளைகளைப் பாருங்கள். பலருடைய ஸ்வெட்டர் கை இரண்டு மடிப்பு மடித்திருக்கும். ‘ரெண்டு வருசத்துக்கு வரட்டும்’ என்று பெரிதாக வாங்கியது. பிள்ளை 82 சென்ரிமீற்றர், உடுப்பு 98க்கு உரியது. சுங்கம் அளப்பது உடுப்பை. அதைப் போடப்போகும் பிள்ளையை அல்ல. ஆகவே கைக்குழந்தை உடுப்புக்கு அரசு எவ்வளவு சலுகை கொடுத்தாலும், அது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளவாக வாங்கக்கூடிய வீட்டுக்கே போகும்.

இன்னொரு கசப்பும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அளவுகளின்படி 86 சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய இரண்டு வயதுப் பிள்ளையின் நடு உயரம். வளர்ச்சி குன்றியதாகக் கணிக்கப்படும் பிள்ளை இரண்டரை வயதிலும் அதைத் தொட்டிருக்காது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் இப்படிக் குன்றியவர்கள் நாடளாவிய ரீதியில் சுமார் 17 வீதம். தோட்டத்துறையில் சுமார் 32 வீதம். எல்லோரையும் ஒரே கோலால் அளக்கும் நியாயம் இங்கே கொஞ்சம் குரூரமாகத் தெரிகிறது.

கோட்டுக்கு அப்பால் தீர்வை எப்படி விதிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். பெறுமதியில் இத்தனை வீதம் என்றால் மலிவான உடுப்புக்குக் குறைந்த தீர்வை. உருப்படிக்கு இவ்வளவு என்றால் கதை மாறும். உதாரணத்துக்கு உருப்படிக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 6,000 ரூபாய் ஜாக்கெட்டுக்கு அது 5 வீதம், 600 ரூபாய்ச் சிறுவர் ஸ்வெட்டருக்கு 50 வீதம். உள்ளூர் உற்பத்தியைக் காக்க இந்த ஏற்பாடு உதவலாம். காசு கொடுப்பது யார் என்பதை அது பார்ப்பதில்லை.

பிரித்தானியா தன் வற் வரியில் வேறு வழியில் போனது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குரிய உடுப்புகளுக்கு அங்கே பூச்சிய வீதம். அதிலும் ஓட்டை உண்டு: சிறிய உடல்வாகுள்ள பெரியவர்கள் சிறுவர் பகுதியில் வாங்கி வரி தப்புவார்கள், பன்னிரண்டு வயதில் வாட்டசாட்டமாக வளர்ந்த பிள்ளையின் பெற்றோர் முழு வரி கட்டுவார்கள்.

சர்வதேச விதி கையைக் கட்டிவிட்டது என்று கொழும்பு சொல்ல முடியாது. முதல் ஆறு இலக்கங்கள்தான் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் நம்முடையவை. சிறுவர் ஸ்வெட்டர், ஜாக்கெட்டுகளுக்கு 116 சென்ரிமீற்றர் வரை ஒரு தேசிய உபபிரிவு திறக்கலாம். ஏறக்குறைய ஆறு வயது வரை அது போதும். வளர்ந்தவர் எவரும் அதற்குள் நுழைய முடியாது என்பதால் ஏமாற்றுக்கும் இடம் குறைவு. அங்கே உருப்படிக் கணக்கை விட்டுப் பெறுமதி வீதத்தை மட்டும் வைத்தால், 98 அளவு ஸ்வெட்டரை வாங்கிக் கையை மடித்து விடுகிற தாய்க்கும் அந்தச் சலுகை போய்ச் சேரும்.