கண்ணாடித் திரையும் கம்பி வலையும்

கோபுரக் கட்டிடக்கலை பற்றி எழுத திருவண்ணாமலையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. குடிக்கிற இடத்தின் கட்டிடக்கலை என்று பேச்செடுத்தால் சிரிக்கிறார்கள். ‘குடிக்கிறவனுக்கு எதுக்குய்யா கட்டிடம்?’ என்று கேட்டார் தோழர் ஒருவர். இந்தக் கேள்வியைத்தான் கட்டுடைக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் ‘பப்’ என்பது பப்ளிக் ஹவுஸ், அதாவது பொது வீடு. 19ஆம் நூற்றாண்டில் கட்டியவற்றைப் பார்த்தால் அந்தப் ‘பொது’ எத்தனை துண்டு என்று தெரியும். கூலிக்காரனுக்குப் பப்ளிக் பார். வசதிக்காரனுக்குச் சலூன் பார். அங்கே பீர் விலையும் கூடுதல். லண்டன் மெய்டா வேலில் உள்ள பிரின்ஸ் ஆல்ஃபிரெட்டில் ஒரே கவுண்டரைச் சுற்றி மரத்தடுப்புகள், குனிந்து நுழைகிற குட்டிக் கதவுகள். கவுண்டர்மேல் முக உயரத்தில் திருப்பி வைக்கிற பூவேலைக் கண்ணாடிகள். பெயரே ‘ஸ்னாப் ஸ்கிரீன்’. ஊற்றிக் கொடுக்கிறவன் கண்ணில் துரை முகம் படக்கூடாது. கிளாஸ் மட்டும் கீழே வரும். தனிக்குவளையை டீக்கடையில் பார்த்த நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் அங்கே தடுப்புக்கு இரண்டு பக்கமும் கூரை ஒன்று. இங்கே கொட்டாங்குச்சிக்காரனுக்குக் கூரையே கிடையாது, வாசலுக்கு வெளியே குந்தணும்.

பப்பைப் புனிதப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக்கில் (1898–1900) ஆண்கள் மூத்திரக்கூடம்கூட ரோஜா நிறத்தில் மின்னுகிறதென்றால் அது பீர் ஆலைக்காரன் கொழுத்த காசு. பெண்கள்? லண்டன் எல் வினோ ஒயின் பாரில் கவுண்டரில் நின்று குடிக்கிற உரிமையை 1982ல் அப்பீல் கோர்ட் வரை போய்த்தான் வாங்கினார்கள்.

அதே விக்டோரியா ஆட்சி 1886ல் நமக்குத் தந்தது மதராஸ் அப்காரிச் சட்டம். கள் இறக்க லைசென்ஸ், விற்க லைசென்ஸ். மரத்தடியில் பட்டையில் குடித்தது வருவாய்க் கணக்கானது. 1937ல் சேலத்தில் மதுவிலக்கு, 1971ல் திறப்பு, 1974ல் மூடல், 1981ல் மறுபடி திறப்பு. 2003ல் சில்லறை வியாபாரத்தை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. கடை வந்தது, கட்டிடம் வரவில்லை. கம்பி வலையில் ஒரு ஓட்டை; காசோடு கை உள்ளே போகும், பாட்டிலோடு வெளியே வரும். கண்ணாடித் திரை குடிக்கிறவன் முகத்தை மறைத்தது. கம்பி வலை அவனை வெறும் கையாகச் சுருக்கிவிட்டது. பக்கத்தில் தகரக் கொட்டகை, அதற்குப் பேர் பார். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று விதி அளக்கிறது. ஊரையும் சேரியையும் அளந்த டேப்தான் இதுவும்.

கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்காருகிற பெண்களின் கோபத்தில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டில் அடிவாங்குகிறவர்கள் அவர்கள். ஆனால் மூடின கடை எங்கோ ஓர் இடத்தில் திறக்கிறதே! அக்ரஹாரத்துப் பக்கம் நகர்ந்த கடையை நான் பார்த்ததில்லை. மாட வீதியிலிருந்து விலக்கின கடை எந்தத் தெருமுனைக்குப் போகிறது, அங்கே குடியிருக்கிறது யார்? தோழர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், கட்டிடம் பற்றி அப்புறம் பேசலாம்.