டேனியலின் பெயர், கேட்டியின் பசி

கென் லோச் இயக்கிய ‘ஐ, டேனியல் பிளேக்’ 2016ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றது. திரைக்கதை பால் லாவர்ட்டி. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்துத் தச்சர் டேனியலுக்கு வயது 59, மனைவியை இழந்தவர். மாரடைப்புக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்கிறார் மருத்துவர். அரசின் தகுதி மதிப்பீடோ அவரால் உழைக்க முடியும் என்று புள்ளி போட்டு முடிவுசெய்கிறது. நோயுற்றோருக்கான உதவித்தொகை நின்றுபோகிறது. மேல்முறையீட்டுக்குப் போகும் முன் அதே துறை தன் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதுவரை அந்தத் தொகை கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு வேலை தேடுவோர் உதவித்தொகைக்கு மாற வேண்டும். அதற்கு, தன்னால் செய்ய முடியாத வேலையை வாரம் 35 மணி நேரம் தேடியதாகக் கணக்குக் காட்ட வேண்டும். ஓர் உதவியிலிருந்து இன்னோர் உதவிக்கு மாறும் அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் விழுகிறார்கள் என்பதைப் படம் துல்லியமாகக் காட்டுகிறது.

அதே இடைவெளியில் ஒரு பெண்ணும் விழுகிறாள். லண்டனில் இரு குழந்தைகளோடு விடுதியின் ஒற்றை அறையில் இருந்த கேட்டிக்கு நியூகாஸிலில் வீடு ஒதுக்குகிறார்கள். புது ஊரில் வழி தெரியாமல் அலுவலகத்துக்குத் தாமதமாக வருகிறாள். தண்டனையாக உதவித்தொகை வெட்டப்படுகிறது. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடக்கிறாள். உணவு வங்கியில் பசி தாங்காமல் டின்னை உடைத்துக் கையால் அள்ளித் தின்கிறாள். அங்கே நாப்கின் இல்லை. கடையில் திருடிப் பிடிபடுகிறாள். அந்தக் கடைக் காவலாளியின் வழியாகவே பாலியல் தொழிலுக்குப் போய்ச் சேர்கிறாள். வறுமை பெண்ணுடலில் எப்படி இறங்குகிறது என்பதை இவ்வளவு படிப்படியாகச் சொன்ன படங்கள் குறைவு.

ஆனாலும் கேட்டியின் வீழ்ச்சியைப் படம் டேனியலின் கண்வழியே பார்க்கிறது. அவள் என்ன தொழிலுக்குப் போகிறாள் என்பதைவிட, அதைக் கண்டுபிடித்த அவருடைய வேதனை பெரிதாகிறது. அலுவலகச் சுவரில் தன் பெயரை எழுதி நியாயம் கேட்க அவருக்கு ஒரு காட்சி உண்டு. அவளுக்கு அப்படி ஒன்று இல்லை. கடைசியில் அவருடைய இறுதிச் சடங்கில் அவர் எழுதி வைத்ததை அவள் வாசிக்கிறாள். பெண்ணின் குரலில் ஒலிப்பது ஆணின் வாக்குமூலம்.

இது கதாபாத்திரத்துக்கு எவ்வளவு இடம் என்ற சிக்கல் மட்டுமல்ல. டேனியலைப் பின்தொடரும்போது, கொடுமை எரிந்துவிழும் அதிகாரிகளிடமும் கணினிப் படிவங்களிடமும் இருப்பதாகத் தோன்றுகிறது. கேட்டியைப் பின்தொடர்ந்திருந்தால், பணம் யார் கைக்கு வருகிறது, யார் கையிலிருந்து போகிறது என்ற கேள்விக்குப் படம் வந்திருக்கும்.

அந்தக் கேள்விக்கு பிரிட்டனில் நீண்ட வரலாறு உண்டு. 1945இல் குடும்பப் படிச் சட்டம் வந்தபோது பணத்தைத் தந்தையிடம் கொடுப்பதாகவே மசோதா இருந்தது. எலினார் ராத்போன் போராடி அதைத் தாயின் கைக்கு மாற்றினார். 1977 முதல், தந்தையின் வரிச்சலுகையாக இருந்த தொகையும் தாய்க்கான குழந்தைப் படியில் சேர்ந்தது. சட்டைப்பையிலிருந்து சுருக்குப்பைக்குப் பணம் போனது.

2013இல் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட், ஆறு பழைய உதவிகளை ஒன்றாக்கியது. குழந்தைப் படி தனியே நின்றாலும், பிள்ளையை வளர்ப்பவருக்கு வந்துகொண்டிருந்த குழந்தை வரிக்கழிவுத் தொகை இதற்குள் கரைந்தது. தம்பதியருக்கு மாதம் ஒரு முறை, ஒரே கணக்கில் பணம். வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அவருடைய கணக்கு. முதல் தொகைக்குக் குறைந்தது ஐந்து வாரக் காத்திருப்பு. இடையில் தரும் முன்பணமும் பின்னால் பிடித்துக்கொள்ளப்படும் கடன்தான்.

அரசே நாள் குறித்து மாற்றியவர்களுக்கு, பழைய தொகைக்குக் குறையாமலிருக்க இடைக்காலப் பாதுகாப்பு இருந்தது. தன் வாழ்க்கைச் சூழல் மாறியதால் மாறியவருக்கு அது இருக்கவில்லை. வேறு உள்ளாட்சிப் பகுதிக்குக் குடிபோவது சூழல் மாற்றமாகக் கொள்ளப்பட்டது. துணைவரைப் பிரிவதும் சூழல் மாற்றமாகவே கொள்ளப்பட்டது. அடிக்கும் கணவனிடமிருந்து பிள்ளைகளோடு தப்பித்து வந்தவளும் சட்டத்தின் பார்வையில் சூழல் மாறியவளாகவே இருந்தாள். அவள் தங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பாதுகாப்பு, வெளியேறியதால் இல்லாமல் போனது. சட்டத்தில் பெண் என்ற சொல்லே வர வேண்டியதில்லை. வீடு மாறுவதும் பிரிவதும் யார் வாழ்க்கையில் எதற்காக நடக்கின்றன என்பது போதும். கேட்டி சில ஆண்டுகள் கழித்து லண்டனிலிருந்து வந்திருந்தால், வாடகைக்கு உதவி கேட்டதுமே இந்தப் புதிய திட்டத்துக்குள் தள்ளப்பட்டிருப்பாள், தாமதமாக வராமலேயே.

திரைக்கு வெளியே, வேலை பார்க்கும் தனித்தாய்மார் நால்வர் இந்தத் திட்டத்தின் கணக்குமுறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். சம்பள நாள் விடுமுறையில் விழுந்தால் சில நாள் முன்னதாகவே பணம் வந்துவிடும். அப்போது ஒரே கணக்கு மாதத்தில் இரு சம்பளம் வந்ததாகக் கொண்டு உதவி குறைக்கப்பட்டது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்றது. நாள்காட்டியும் சம்பளச் சீட்டும் வைத்துக்கொண்டு அரசின் கணக்கைத் தவறென்று நிறுவியவர்கள் அவர்கள்.

லோச்சின் படத்தை நாம் அவசியம் பார்க்க வேண்டும்; வகுப்பறைகளில் திரையிட வேண்டும். பார்க்கும்போது டேனியலின் சுவர் எழுத்தோடு நின்றுவிடாமல், கேட்டியின் கைக்கு வந்த ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரக்கத்தில் முடியும் அந்தக் கதை, அப்போது கணக்குக் கேட்கும் கதையாக மாறும்.