ராஜினாமா செய்ய இயலாதவர்கள்: கோபி கிருஷ்ணனை முன்வைத்து

கோபி கிருஷ்ணனின் (1945–2003) கதைகளை நான் வாசித்தது மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் லோக்கல் ரயிலில். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் டைம் ஆபீஸ் எழுத்தராக ஒட்டிக்கொண்டிருந்த காலம். ஒட்டிக்கொண்டிருந்த என்பதுதான் சரி. நான் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள். அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் நகர நகர வயிற்றுக்குள் ஒரு பிசைவு தொடங்கும். இந்தப் பிசைவுக்கு நம் இலக்கியத்தில் ஏதாவது பேர் இருக்கிறதா என்று தேடியபோது அகப்பட்டவர் கோபி.

வேலை பற்றிய தமிழ்ப் பிரதிகளை நமது விமர்சனம் இரண்டு கோணிகளில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறது. ஒன்றில் தொழிலாளி, மற்றதில் குமாஸ்தா. தொழிலாளிக்குப் பசி உண்டு, கூலி உண்டு, போராட்டம் உண்டு, மனம் கிடையாது. குமாஸ்தாவுக்கு மனம் மட்டுமே உண்டு. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ முதல் கோணியில், ஆதவனின் ‘காகித மலர்கள்’ இரண்டாவதில். இது முரட்டுத்தனமான பிரிவினைதான், பிரதிகளே இதற்கு ஒத்துவராது. ஆனால் முற்போக்கு முகாமும் நவீனத்துவ முகாமும் சண்டை போட்டுக்கொண்டே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. 1844இன் கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் பேசிய அந்நியமாதல் ஆலைத் தொழிலாளியின் உழைப்பைப் பற்றியது. இங்கே அது எப்படியோ மாம்பலத்து மாடி அறைக்குக் குடிபோய்விட்டது.

கோபி உளவியலும் சமூகப்பணியும் படித்தவர். எந்த வேலையிலும் நெடுநாள் தரித்தவரல்லர். மனநல சிகிச்சைக்குத் தாமே உட்பட்டு, மாத்திரைகளோடு வாழ்ந்தவர். ஆலோசனை சொல்லும் நாற்காலி, கேட்கும் நாற்காலி, இரண்டிலும் உட்கார்ந்த எழுத்தாளர் தமிழில் வேறு யார் என்று எனக்குத் தெரியவில்லை. ‘உள்ளேயிருந்து சில குரல்க’ளில் மனநோயாளிகளைப் பேசவிட்டார். ‘இடாகினிப் பேய்களும் நடைப்பிணங்களும் சில உதிரி இடைத்தரகர்களும்’ நாவலில், சேவை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம் தன் ஊழியர்களை என்ன செய்கிறது என்று காட்டினார். முதல் நூலை மனநோய் இலக்கியம் என்றும் இரண்டாவதை எள்ளல் என்றும் தனித்தனியே வாசித்துப் பழகிவிட்டோம். சேர்த்து வாசித்தால்தான் விஷயம் பிடிபடும். மாத்திரைச் சீட்டும் சம்பளச் சீட்டும் ஒரே சட்டைப் பையில் கிடக்கின்றன. அவரது நடையைக் கவனியுங்கள். அலுவலகக் கடிதத்தின் அதீத மரியாதையில், வறட்டுத் தமிழில், தன் அவமானத்தைச் சொல்கிறார். ஆபீஸ் எந்த மொழியால் அவரை அடித்ததோ அந்த மொழியையே கையில் வாங்கித் திருப்பிக் காட்டுகிறார். இதைப் போய் ‘தட்டையான நடை’ என்றவர்கள் உண்டு.

சிறுபத்திரிகை மரபுக்குப் பைத்தியத்தின் மேல் ஒரு காதல் இருக்கிறது. 1984இல், 33 வயதில் தற்கொலை செய்துகொண்ட ஆத்மாநாமைப் பற்றி நாம் பேசிய விதத்தைப் பாருங்கள். ‘ழ’ இதழ் வரும், கவிதை வரும், மனமுறிவு வரும். அவர் நடத்திய ஆயத்த ஆடைத் தொழிலும் அதன் நெருக்கடியும் ஒரு வரியில் வந்து போய்விடும். கவிஞனைக் கணக்குப் புத்தகத்தோடு பார்க்க நமக்கு என்ன கூச்சம்?

1656இல் பாரிஸில் ‘பொது மருத்துவமனை’யை நிறுவியபோது பைத்தியங்களோடு வேலையற்றோரையும் பிச்சைக்காரர்களையும் சேர்த்துத்தான் அடைத்தார்கள் என்று ஃபூக்கோ 1961இல் எழுதினார். சோம்பலும் பித்தும் ஒரே கூரையின் கீழ் வந்தன. சென்னையில் கும்பினியார் காலத்து மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. அதன் வாரிசுதான் கீழ்ப்பாக்கம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பது இன்றும் நம்மூரில் வசவு. வேலைக்குப் போகாத பையனைத் திட்டும்போது அது எவ்வளவு சரளமாக வாயில் வருகிறது!

மில்லில் ஒரு பையன் இருந்தான். ஐ.டி.ஐ. ஃபிட்டர். 12 மணி நேர ஷிப்ட். ஃபர்னஸ் பக்கம் போட்ட மூன்றாவது மாதம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பிறகு கேட் வரைக்கும் வந்து, கார்டு போடாமல், சைக்கிள் ஸ்டாண்டிலேயே நிற்க ஆரம்பித்தான். “மறை கழண்டுபோச்சு சார் அவனுக்கு” என்றார் கான்ட்ராக்டர். ஃபிட்டரின் தொழிற்சொல்லாலேயே ஃபிட்டரைத் தள்ளிவிட்டார் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பேருக்கு எதிரே ‘நின்றுவிட்டார்’ என்று எழுதியவன் நான்தான். காரணத்துக்கு அதில் கட்டம் இல்லை.

இந்த ‘நின்றுவிட்டார்’தான் கோபியிடம் எனக்கிருக்கும் பிரச்சினை. அவருடைய உலகத்தில் வேலையை விட்டுப் போக ஒரு கதவு இருக்கிறது, தட்டச்சு செய்யப்பட்ட ஒரு கடிதம் இருக்கிறது. ராஜினாமா ஒரு சொல்வினை. அதைச் செய்ய முதலில் நியமன உத்தரவு வேண்டும். அறையில் கூட இருந்த ஆரம்பாக்கத்துத் தம்பிக்கு அவருடைய புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தான். “நல்லாத்தாண்ணே இருக்கு. இவருக்கு லெட்டர் எழுதிக் குடுக்க ஒரு மேனேஜராச்சும் இருந்திருக்காரு” என்றான். நான் இதுவரை படித்த கோபி விமர்சனங்களில் இதுதான் கூர்மையானது.

‘தொழிலைத் தேர்ந்தெடுப்பது’ என்ற சொல்லாடலே சிப்காட் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷெட்டில் எட்டுப் பேராகத் தூங்குகிறவர் எதைத் தேர்ந்தெடுத்தார்? அதே கும்மிடிப்பூண்டியில் ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. பட்டம் வாங்கியும் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே உண்டு. இவர்களிடம் போய் மனஅழுத்தம், மூச்சுப் பயிற்சி என்று ஆரம்பிப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஷிப்டின் நீளத்தை அது மூளையின் கோளாறாக மொழிபெயர்த்துவிடுகிறது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தில் முதல்வர் அதை வாபஸ் பெறுவதாக அறிவித்தார். அந்தப் பத்து நாளில் இதை மனநலப் பிரச்சினையாகப் பேசிய ஓர் இலக்கியவாதியையும் நான் பார்க்கவில்லை. நானும் பேசவில்லை.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நண்பர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நானும் தூக்கம் போய், மருத்துவரிடம் போய், ஏழு மாதம் சாப்பிட்டவன், அது உதவியது. அம்மா அதற்கு முன்பே ஓர் அமாவாசைக்கு என்னைத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு இழுத்துப் போய்க் குளத்தில் வெல்லம் போட வைத்தாள். குளத்தின் பேர் ஹிருத்தாபநாசினி. நெஞ்சின் தாபத்தைத் தீர்ப்பது. படிக்கட்டில் எனக்குப் பக்கத்தில் யூனிபார்ம் சட்டையோடு ஒருவர் வெல்லம் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் காக்களூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் பேர். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. “உங்களுக்கு என்னங்க?” என்று கேட்டார். “வேலை பிடிக்கல” என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “வயித்து வலி” என்றேன். “எனக்கும் அதேதான்” என்றார்.