பதினான்கு வயது நடனச் சிறுமி (மெழுகுச் சிற்பம்)

பதினான்கு வயது நடனச் சிறுமி என்பது பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா மெழுகில் செய்த சிற்பம். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் கொண்டது. 1881-இல் பாரிசில் நடந்த ஆறாவது இம்ப்ரஷனிஸ்ட் கண்காட்சியில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டது. டெகா தம் வாழ்நாளில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ஒரே சிற்பம் இதுதான். இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

அமைப்பு

கம்பி, மரம், கயிறு, தூரிகை ஆகியவற்றாலான உட்கூட்டின் மேல் களிமண்ணும் மெழுகும் கொண்டு உருவம் அமைக்கப்பட்டது. சிறுமிக்கு அசல் துணியில் மேற்சட்டை, பாவாடை, நடனக் காலணி, பட்டு நாடா ஆகியவற்றை டெகா அணிவித்தார். தலைமுடியும் அசல் முடியே. பின்னர் முடியின் மீதும் மேற்சட்டையின் மீதும் மெழுகைப் பூசினார். பாவாடையையும் நாடாவையும் அப்படியே விட்டுவிட்டார்.

வரவேற்பு

மெழுகு உருவம் என்றால் அக்கால மக்களுக்கு நினைவுக்கு வந்தவை உடற்கூறு மாதிரிகளும் வேடிக்கைக் காட்சிக்கூடங்களுமே. லண்டனில் 1835 முதல் மேரி துசாட்டின் நிலையான காட்சிக்கூடம் இருந்தது. பாரிசில் கிரேவன் மெழுகு அருங்காட்சியகம் 1882-இல் திறக்கப்பட்டது. பளிங்கிலும் வெண்கலத்திலும் சிற்பம் பார்த்துப் பழகிய விமர்சகர் பலர் டெகாவின் சிறுமியை அழகற்றவள் என்றும், குரங்கு முகத்தாள் என்றும் இகழ்ந்தனர்.

மதிப்பீடு

காட்சிக்கூடத்து மெழுகு உருவம் தான் மெழுகு என்பதை மறைக்க முயல்கிறது. பார்வையாளர் தமக்குத் தெரிந்த அரசரையோ நடிகரையோ நினைவில் உள்ள முகத்தோடு ஒப்பிட்டு, 'அப்படியே இருக்கிறார்' என்று வியக்கிறார். அத்துடன் அடுத்த உருவத்துக்குப் போய்விடுகிறார்.

டெகாவின் சிறுமியிடம் இந்த ஒப்பீடு நடக்காது. மாதிரியாக நின்ற மாரி வான் கோதெம், பாரிஸ் ஓபெராவில் நடனம் பயின்ற ஏழைச் சலவைத் தொழிலாளியின் மகள். அவளை ஊர் அறியாது. ஒப்பிட முகம் இல்லாததால் பார்வையாளர் நிமிர்ந்த மோவாயையும், பின்னால் இறுகக் கோத்த கைகளையும், களைத்த கால்களையும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. முடியின் மேல் பூசிய மெழுகு, இது செய்யப்பட்ட உருவம் என்பதையும் ஒளிக்கவில்லை. அச்சு அசலான தோற்றம் மட்டுமே சிற்பமாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அதே கண்காட்சியில் டெகா குற்றவாளிகளின் முகச் சித்திரங்களையும் வைத்தார். முக அமைப்பைக் கொண்டே ஒருவரின் ஒழுக்கத்தைக் கணிக்கலாம் என்று நம்பிய காலம் அது. அந்தப் படங்களுக்கு அருகே சிறுமியின் முகத்தையும் பார்த்தவர்கள் அதில் தீய குணத்தைத் தேடினர். வறுமையில் வாழ்ந்த ஒரு பிள்ளை மீது விழுந்த இந்தப் பழியில் டெகாவுக்கும் பங்கு உண்டு.

1917-இல் டெகா இறந்த பின் இச்சிற்பம் வெண்கலத்தில் பல படிகளாக வார்க்கப்பட்டது. இன்று உலக அருங்காட்சியகங்களில் பலர் காண்பது அவற்றையே. வெண்கலம் உறுதியானது, ஆனால் மெழுகில் உள்ள தோலின் மென்மை அதில் இல்லை. மாணவர்கள் இரண்டின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், டெகா மெழுகைத் தேர்ந்தெடுத்த காரணம் விளங்கும்.