எட்டுப் போட்டால் சர்க்கரை இறங்குமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். சில மாதங்களுக்கு முன் மொட்டை மாடியில் சுண்ணாம்பால் ஒரு பெரிய எட்டு வரைந்து, காலையும் மாலையும் வெறுங்காலுடன் அதன்மேல் நடக்கத் தொடங்கினார். மாத்திரையையும் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். “தம்பி, நீங்க பிசிக்ஸ் வாத்தியார். பூமியோட காந்தத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

எட்டு நடை இன்று தமிழ்நாடெங்கும் பரவியிருக்கிறது. பல பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதைகளே உள்ளன. எட்டை வடக்குத் தெற்காக வரைய வேண்டும். அப்போது பூமியின் காந்தசக்தி உடலில் ஏறி நோய்கள் நீங்கும் என்கிறார்கள் சிலர். இக்கூற்றைச் சற்று ஆராய்வோம்.

காந்தத்தைப் பற்றிப் பேசத் திருநெல்வேலியைவிடப் பொருத்தமான ஊர் அரிது. காந்த நடுவரை நம் ஊருக்கு அருகே செல்கிறது. தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி டில்லியில் 40 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். இங்கே ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். அதனால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நம் கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகம் நடத்துகிறது. இங்குப் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். குளிர்பதனப் பெட்டியின் கதவிலுள்ள காந்தப் பட்டைக்கு அருகில் இதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். மேலும், நாம் நடந்தாலும், உட்கார்ந்தாலும், உறங்கினாலும் இதே புலத்தில்தான் இருக்கிறோம். எட்டில் நடப்பவர் ஒரு சுற்றிலேயே பல திசைகளையும் நோக்கிவிடுகிறார். அப்படியிருக்க, வடக்குத் தெற்காக வரைவதால் என்ன வேறுபாடு வந்துவிடும்?

எனில், எட்டு நடையில் பயனே இல்லையா? உண்டு. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறுவது குறைகிறது. இது நடையின் பயனேயன்றி எட்டின் பயனன்று. எட்டுக்கென்று தனிச்சிறப்பு ஒன்று உண்டென்றால், அது திரும்பிப் பழகுவதுதான். வெளியே போக வசதியில்லாத பெண்களுக்குச் சிறிய இடமே போதும் என்பதும் ஒரு நன்மை.

ஆனால் ஒரு குறையும் உண்டு. இருசக்கர வண்டி உரிமத்திற்கு எட்டுப் போட்டவர்களுக்கு அது எளிதில் விளங்கும். அங்கே வேகமாகப் போக முடியுமா? நடைக்கும் அதே கதைதான். எட்டின் வளைவு 3 அடி, அதாவது சுமார் 0.9 மீட்டர் ஆரமுடையது என்று கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவர் அதில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டுமானால், சுமார் 13 கிலோ எடைக்குச் சமமான மையநோக்கு விசை தேவை. தரையின் உராய்வே அதைத் தர வேண்டும். உடலும் 12 பாகை அளவு உட்புறம் சாய வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால் பங்காகிவிடும். ஆகவே நம்மையறியாமலே நடை தளர்கிறது. ஐயமிருந்தால் கடிகாரம் வைத்து, நேர்ப்பாதையிலும் எட்டிலும் ஒரே தொலைவை நடந்து பாருங்கள்.

இதயத்திற்கு வேண்டியது சற்று விரைந்த நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். இத்தகைய மிதமான உடலுழைப்பு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. தளர்நடையாக எட்டை மட்டும் சுற்றுபவர், நடந்துவிட்டோம் என்ற நிறைவைப் பெறுகிறாரேயன்றி முழுப்பயனைப் பெறுவதில்லை.

இனி வெறுங்காலைப் பற்றிப் பார்ப்போம். 60 கிலோ எடை, 100 சதுர செ.மீ. பாதம் முழுவதும் பரவினால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ. கூழாங்கற்களின் முனைகளில் 10 சதுர செ.மீ. மட்டுமே படிந்தால் அது 6 கிலோ. நல்ல கால் வலிக்கும். உடனே நாம் அடியை மாற்றி வைப்போம். நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பாதத்தில் அந்த உணர்வு மங்கியிருக்கும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதுவே. அவர்கள் கால்கள் புண்ணாவதற்குச் சதை அழுகுவது காரணமன்று; வலி தெரியாததால் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் மிதிப்பதே காரணம் என்று அவர் விளக்கினார்.

அண்ணாச்சிக்கும் அதுவே நேர்ந்தது. சுண்ணாம்புக் கோட்டின்மேல் இரத்தக் கறையைக் கண்ட பிறகுதான் தம் பெருவிரலில் புண் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. புண் ஆற இரண்டு மாதமாயிற்று. விரல் தப்பியது அவர் நல்லகாலம்.

இப்போது மருத்துவர் சொன்னபடி மாத்திரை சாப்பிடுகிறார். மெத்தென்ற செருப்பணிந்து, விடியற்காலையில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளை வீசி நடந்து சுற்றுகிறார். வீடு திரும்பியதும் பாதங்களைத் திருப்பிப் பார்க்கிறார். மழை நாளில் மட்டும் கூடத்துக்குள் எட்டு, அதுவும் செருப்போடு.

எட்டு நடப்பவர்களை நான் தடுக்கவில்லை, நடவுங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தும் முடிவு மருத்துவருடையது. அதைச் சுண்ணாம்புக் கோட்டிடம் விட்டுவிடாதீர்கள்.