தொட்டிலும் கணக்கேடும்

வளர்ச்சிப் புள்ளிவிவரங்களைப் பொய்யென ஒதுக்குவது எளிது. மெய்யென ஏற்பது அதனினும் எளிது. அவ்வெண்ணை எழுதியவர் எவர், எப்பெயரில் எழுதினார் என வினவுவதே நம் கடமை. தருமபுரி மாவட்டம் இதற்குத் தக்க சான்று.

1990களில் இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் பல பெண்மகவுகளின் இறப்புக்குச் 'சமூகக் காரணம்' என்று எழுதப்பட்டது. பெண்சிசுக் கொலைக்கு அரசு வழங்கிய மென்சொல் அது. அப்பதிவுகளையே வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். கிராமச் செவிலியர் உள்ளதை எழுதியதால் உண்மை வெளிப்பட்டது. எண் கூடினால் எழுதியவரையே கண்டிக்கும் நிர்வாகத்தில் எண் மட்டுமே குறையும், குழந்தை பிழைக்காது.

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. தொட்டிலில் சேர்ந்த குழந்தைகளின் தொகை சாதனையாகக் கூறப்படுகிறது. கைவிடப்பட்டோரின் தொகையும் அதுவேயன்றோ? கருவிலேயே பாலறிந்து அழிக்கப்பட்டவை தொட்டிலுக்கும் வாரா. இறப்புப் பதிவேட்டிலும் ஏறா.

இவ்விரண்டும் விட்டதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. ஆறு வயதுவரை ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இம்மாவட்டத்தில் 2001இல் 826 பெண் குழந்தைகளே இருந்தனர், 2011இல் 913. உயர்வு மகிழ்ச்சிக்குரியது, எனினும் அவ்வாண்டின் மாநில அளவான 943ஐ அது எட்டவில்லை. அடுத்த கணக்கெடுப்போ 2021இல் நடைபெறாது போயிற்று.

கணக்கு ஓர் அமானிதம். அறியாமைக் கால அரபகம் மணலில் புதைத்ததை நாம் ஏட்டில் புதைத்தல் ஆகாது.