'தம்பிரான் வணக்கம்': இரு காலங்களின் வாசற்படி

ஐரோப்பாவில் இடைக்காலம் மறைந்து நவீன காலம் மலரக் காரணமானவற்றுள் அச்சுக்கலை தலையாயது. கூட்டன்பர்க் விவிலியத்தை அச்சிட்டது 1455ஆம் ஆண்டையொட்டி. அதன் பின் ஒரு நூற்றாண்டிற்குள், 1554இல், தமிழ்ச் செபங்கள் உரோமை எழுத்தில் லிஸ்பனில் அச்சேறின. 1578 அக்டோபர் 20ஆம் நாள் அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். தமிழ் எழுத்து வார்ப்பதற்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பொருளுதவி செய்தனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

இந்நூலைத் தமிழரின் நவீன யுகத்திற்குத் தொடக்கமெனப் போற்றுகிறோம். அப்போற்றுதல் பாதியே உண்மை. ஓலையில் புள்ளியிட்டால் ஏடு கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் புள்ளியை விடுத்தனர் என்பர். உலோக எழுத்திற்கு அந்த அச்சமில்லை. ஆயினும் இந்நூலிலும் புள்ளியைக் காணோம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடவில்லை. செபத்தை முன்னரே செவியால் அறிந்தவருக்கே இதைத் தடையின்றிப் படித்தல் எளிது. ஆக, கருவி புதியது; வாசிப்போ ஏட்டுக் காலத்தது. வேதியரின் குரலுக்குத் துணையாக நின்றதேயன்றி, அந்நூல் அக்குரலின் இடத்தைப் பெறவில்லை.

இதனை அடிகளாரின் குறையெனக் கொள்ளுதல் முறையன்று. 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் பெருநூலாகிய 'அடியார் வரலாறு' என அவர் ஓயாது உழைத்தார். மக்கள் பேசிய தமிழை உரைநடையாக்கத் துணிந்தது அவரது தனிச்சிறப்பு. ஆனால் ஐரோப்பிய நகரங்களில் நூலை விலைகொடுத்து வாங்கிப் படிக்க வணிகரும் மாணவரும் இருந்தனர். இங்கே அச்சகம் வந்தது. அதனைத் தாங்கும் வாசகர் கூட்டம் வரவில்லை. எழுத்தின் மயக்கம் தீரவும் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வரவேண்டியிருந்தது.

கருவியால் மட்டும் யுகம் மாறுவதில்லை என்பதே இந்நூல் புகட்டும் பாடம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் நம் தர்மபுரி. செபங்களைச் செவிவழி கற்று, ஒரு சொல் பிறழாது செபிக்கும் மூத்தோர் நம் ஆலயங்களில் உளர். அவர்தம் விசுவாசம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. எனினும், மறைநூலைத் தாமே விரித்துப் படித்து, ஐயுற்று, வினவும் உரிமை அவர்களுக்கு எட்டாமற் போனது சமூகத்தின் கடன். 1578இல் திறந்த கதவின் வழியே இன்னும் உள்ளே வராதோர் நம்மிடையே இருக்கும்வரை, அந்நூலின் பழம்பெருமையை மட்டும் பேசி அமைதல் நமக்குத் தகுமோ?